அவள் வீடு பார்த்த விதம்

புதிய ஊரின் மருத்துவமனையில் வேலை கிடைத்தது அவளுக்கு. வீடு தேடி அலைந்தது அவள் கணவன். அவனுக்கு வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய கணக்கு வேலை. எந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தண்ணீர் வருமா என்று தரகர்களிடம் பேசிப் பேசியே மனிதன் அரை ஆளாகிவிட்டான்.

அவள் பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. பழைய ஊரில் தானே பஸ் பிடித்து, தானே கடைக்குப் போய், யார் தயவும் இல்லாமல் நடமாடியவள். புது ஊரில் அது பறிபோய்விடுமோ என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

முதலில் பார்த்தது ஊருக்கு வெளியே ஒரு புதுக் குடியிருப்பு. மூன்று அறை, ஊருக்குள் கேட்பதில் பாதி வாடகை. அவன் வாயெல்லாம் பல்.

"மாடியில நின்னா மலை தெரியுது!"

"எனக்கும் சேர்த்துப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் மடக்கு வெள்ளைக்கோலை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் நீள நீளமாகச் சுவர். கார்கள் மட்டும் சர் சர்ரென்று போயின. சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

"வழி கேக்க ஒரு ஈ காக்கா இல்லையே."

"நான் எதுக்கு இருக்கேன்? காலையில கொண்டுபோய் விடறேன், சாயங்காலம் கூட்டிட்டு வரேன். பாதி வாடகைம்மா!"

"நீங்க ஒருநாள்கூடத் தவறாம வருவீங்க. எனக்கு அதுதான் பயம்."

அவனுக்குச் சுருக்கென்றது.

அடுத்த வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால். இரண்டே அறை. சமையலறையில் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். வாடகையோ முதல் வீட்டைப்போல் இரண்டு மடங்கு. அவன் முகம் கஷாயம் குடித்ததுபோல் ஆனது.

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வரேன். பின்னாடி வந்தீங்க, அவ்வளவுதான்!"

வாசலில் நின்று பார்த்தான். சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டதும் ஒரு கணம் நின்றாள், மனதில் குறித்துக்கொண்டதுபோல் தலையாட்டிவிட்டு நடந்தாள். என்ன கெட்டிக்காரி! இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் நேற்று பஸ் நிலையத்தில் தான் திக்குத் தெரியாமல் திண்டாடியது அவன் நினைவுக்கு வந்தது. பெருமையாக இருந்தது.

தெருமுனையில் திரும்பியவள் வரவே இல்லை. பெருமை போய், வாசலிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"போய்த்தான் பாருங்களேன்," என்றாள் வீட்டைத் திறந்து காட்ட வந்திருந்த வீட்டுக்காரம்மா.

"போனா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாம்மா."

கடைசியில் அவள் வந்தது தெருவின் மறுமுனையிலிருந்து. வேர்த்து, தலை கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாக.

"வழி தவறிட்டியா?"

"நல்லாவே தவறிட்டேன்! ஒரு முட்டுச்சந்துல போய் நின்னேன். ஜன்னல்லேருந்து ஒரு அம்மா இடப்பக்கம் போன்னாங்க. கீழே தையல்காரர் வலப்பக்கம்தான்னார். ரெண்டு பேருக்கும் எனக்காக ஒரே சண்டை. நடுவுல பூட்டு ரிப்பேர்க்காரரைக் கேட்டேன், வந்துட்டேன்." மூச்சு வாங்கச் சிரித்தாள். "இங்க நான் தைரியமாத் தொலைஞ்சு போகலாங்க."

கையைப் பிடித்து அவன் அழைத்துப்போன எந்த இடத்திலும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வாயெடுத்தவன், வீட்டுக்காரம்மாவிடம் வேறொன்று கேட்டான்.

"சாவி ரெண்டா குடுங்கம்மா. அவளுக்குத் தனியா ஒண்ணு."