மேலே பார்த்தால் 'இரு'

குருவி சிரித்துவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலை. என் நாத்தனார் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கவில்லை. பதினொரு கட்டில்கள் போட்ட அந்த நீள அறையின் வாசலில் நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "என்ன கண்ணுங்களா, சாப்டாச்சா?" என்றாள். பத்துப் பிள்ளைகள் அது தங்களுக்கில்லை என்பதுபோல் இருந்தார்கள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த குருவி மட்டும் தோள் குலுங்கச் சிரித்தாள்.

பத்து மாதத்தில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது இரண்டே தடவை. அதில் ஒன்று, நான் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தபோது.

"யாரு அண்ணி இது? என்னைப் பாத்ததும் இப்படிச் சிரிக்குது?"

"அவளுக்கு யாரைப் பாத்தாலும் சிரிப்புதான்."

பொய். கலப்படமில்லாத பொய்.

அது பெற்றோரில்லாத, உடல் ஒத்துழைக்காத பிள்ளைகளுக்கான இல்லம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு விமானம் மாறி வரவேண்டும். நான் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஓடிய நர்ஸ். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே தொண்டு செய்ய வந்தேன். கேட்டவர்களிடம் சேவை என்று சொன்னேன். அது பாதி உண்மை. என் நாத்தனார் இல்லாத ஊரில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கும் ஆசை மீதிப் பாதி.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். மழலையர் பள்ளி டீச்சர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான்கு பேர் நகர்ந்து அவளுக்கு இடம் விடுவார்கள். என் கணவருக்குப் பதவி உயர்வு வந்த செய்தி எனக்கு அவள் வாயால்தான் வந்தது. என் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அவன் முதலில் போன் போட்டது அத்தைக்கு. "நீ டியூட்டில இருப்பேன்னு நெனச்சேம்மா" என்றான். அன்று நான் லீவு. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்தபிறகு வாய் சும்மா இருந்ததா? குருவியின் படங்களை எடுத்து வாரா வாரம் குடும்பத்தினரின் வாட்ஸப் குழுவில் போட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். என் விசா முடியப் பத்து நாள் இருக்கும்போது, எனக்கு அடுத்த ஆளாக நாத்தனாரே வந்து நின்றாள்.

"நீங்க போட்ட போட்டோதான் அண்ணி என்னை இழுத்துட்டு வந்துச்சு."

நான் அவள் பையை வாங்கி வைத்தேன். வேறென்ன செய்ய?

குருவி என்பது நான் வைத்த பெயர். அவளுக்கு ஒன்பது வயது. கையும் காலும் அவள் சொன்னபடி கேட்காது; பேச்சு கிடையாது. பதிவேட்டில் பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு. நான் வந்தபோது அவளுக்குச் சோறு ஊட்டுவது அந்த இல்லத்தில் தண்டனை மாதிரி. கூழாக அரைத்ததைக் கொடுத்தாலும் இருமுவாள், புரையேறும், முகம் நீலமாகும். மூன்று பேர் முயன்று கைவிட்டார்கள்.

மூன்றாவது மாதம் நான் ஒன்றைக் கவனித்தேன். வாயில் வாங்கிய கூழ் இன்னும் இறங்காவிட்டால், அவள் கண் மேலே போகும். கூரையைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அடுத்த வாய் கொடுத்தால் ஆபத்து. பேசினாலும் சீண்டினாலும் ஆபத்துதான். சும்மா இருக்கவேண்டும். விழுங்கியதும் கண் தானாகக் கீழே இறங்கும்.

அன்று "சரி, இரு, இரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். அவள் விழுங்கினாள். அன்றிலிருந்து அந்தப் பார்வைக்கு 'இரு' என்று பெயர். அவள் மேலே பார்ப்பாள். நான் "இருக்கேன்" என்பேன். ஒரு கிண்ணம் காலியாக நாற்பது நிமிடம். ஒரு இருமல் இருக்காது.

இல்லத்து நிர்வாகி ஓர் அம்மாள். நடை, குரல், கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தோரணை எல்லாம் சேர்ந்து நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கர்னல். அந்தக் கர்னலே ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "உன் கைக்கு மட்டும் எப்படிச் சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார். நான் புன்னகைத்தேன். பதில் சொல்லவில்லை.

சொல்லியிருக்கவேண்டும். வாயால் கூட வேண்டாம், எழுதியிருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டை உண்டு. எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது, எதற்குப் பயப்படும் என்று அந்தப் பிள்ளையை நன்றாக அறிந்தவர் எழுதவேண்டும். புது ஆள் யார் வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் தொடவேண்டும். குருவியின் அட்டையில் ஊட்டும் முறை என்ற இடத்தில் என் கையெழுத்தில் இரண்டே சொல்: மெதுவாக ஊட்டவும்.

ஏழு மாதமாக அந்த இரண்டு சொல்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு இன்னொன்று உறைத்தது. குருவி ஏன் என் நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள்? உள்ளூர் மொழி எனக்கு உடைந்து உடைந்துதான் வரும். ஆகவே குருவியிடம் நான் பேசியதெல்லாம் தமிழ். 'சாப்டாச்சா' என்பது அவளுக்கு என் மொழி. அதை இன்னொரு வாயிலிருந்து கேட்டதும் பூரித்துப் போயிருக்கிறாள். ரோடு போட்டது நான். அதில் கார் ஓட்டிக்கொண்டு வந்தது அவள்.

அன்று முழுக்க குருவியின் கண் நாத்தனாரின் பின்னாலேயே போயிற்று. அவள் போர்வை மடித்தால் போர்வை மேல். ஜன்னல் துடைத்தால் ஜன்னல் மேல். நான் நடுவில் போய் நின்றால், என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

புதன்கிழமை மதியம் கர்னல் சொன்னார். "இன்றைக்குப் புது ஆள் ஊட்டட்டும். நீ பக்கத்தில் நில்."

நின்றேன்.

நாத்தனார் அட்டையைப் படித்தாள். "மெதுவா ஊட்டணும். அவ்வளவுதானா அண்ணி?"

"அவ்வளவுதான்."

முதல் வாய். இரண்டாவது. மூன்றாவது வாயில் குருவியின் கண் மேலே போயிற்று. வாய் நிறையக் கூழ்.

எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாத்தனாரும் கழுத்தை வளைத்துக் கூரையைப் பார்த்தாள். "என்னடி தங்கம் அங்க? பல்லியா? ஐயோ, பல்லிக்கும் பசிக்குதாம், உன் சோத்தைக் கேக்குதாம்."

மழலையர் பள்ளி டீச்சர் அல்லவா? பிள்ளை மேலே பார்த்தால் தானும் பார்ப்பாள். அங்கே ஒரு கதை வைத்திருப்பாள். 'பேசாதே' என்ற ஒரு சொல் என் நாக்கு நுனியில் நின்றது. நான் அதை வெளியே விடவில்லை. ஒரே ஓர் இருமல் வரட்டும் என்று நினைத்தேன். கர்னல் பார்க்க, ஒரே ஓர் இருமல்.

குருவி சிரித்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. உதடு நீலமானது.

பிறகு நடந்தது எல்லாம் என் கை செய்தது. நாற்காலியிலிருந்து தூக்கி, என் முன்கையில் குப்புறச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தட்டி, விரலால் வழித்து, உறிஞ்சும் கருவியை இழுத்து வைத்து... ஒன்றரை நிமிடம் இருக்கும். அழுகைச் சத்தம் வந்தது. அவ்வளவு இனிமையான அழுகையை நான் எந்தப் பிரசவ அறையிலும் கேட்டதில்லை.

நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் மெதுவாத்தானே அண்ணி ஊட்டினேன்..."

கர்னல் அவள் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி என்னிடம் தந்தார். "இனி இவளுக்கு நீ மட்டும்தான்."

கேட்டது கிடைத்துவிட்டது. என் நெஞ்சு உள்ளுக்குள் ஒரு சின்னக் குதி குதித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வரை குருவிக்குக் காய்ச்சல். மூக்கு வழியாகத் தற்காலிகக் குழாயில் பால் போயிற்று. டாக்டர் வந்து நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். பிறகு வாசலுக்கு வெளியே கர்னலிடம் பேசினார். எனக்குக் காது கூர்மை.

"ஊட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளும் அடுத்த வியாழன் போய்விடுவாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளை தாங்காது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம். புதன்கிழமை வருகிறேன், கையெழுத்துக்குத் தயாராக இருங்கள்."

வயிற்றுக் குழாய் வைத்த பிள்ளைகள் அதே அறையில் இரண்டு பேர் உண்டு. அவர்களுக்கு அதுதான் உயிர், அதில் தப்பில்லை. ஆனால் அவர்களுக்கு விழுங்கவே வராது. குருவிக்கு வரும். அரைத்த பழம் கிண்ணத்தில் வருவதை அவள் வாசலிலேயே மோப்பம் பிடிப்பாள். கொஞ்சம் புளிப்பாக இருந்தால் ஒற்றைக் கண்ணை மூடுவாள். அந்த நாக்குக்கு இனி எதுவும் கிடையாது. நான் ஒரு சொல்லை விழுங்கியதற்கு அவள் வாய் பூட்டப்படப் போகிறது.

ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஊரே கொண்டாடும் நாத்தனார் முன்னால் போய் என்னவென்று சொல்வது? அட்டையில் இப்போது எழுதிவிட்டு, 'இப்போதுதான் கவனித்தேன்' என்று சொன்னால்? கர்னல் நம்புவார். நாத்தனார் நம்பமாட்டாள். என்னை இருபது வருடமாகப் பார்க்கிறாள்.

சனிக்கிழமை மதியம் இருவரையும் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டேன். முதலில் உள்ளூர் மொழியில் கர்னலிடம், பிறகு தமிழில் அவளிடம். ஒரே குற்றத்தை இரண்டு மொழியில் ஒப்புக்கொள்வது லேசில்லை.

கர்னல் நெடுநேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீ ஒரு நர்ஸ் வேறு," என்றார். அவ்வளவுதான்.

நாத்தனார் ஒரு துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவ மேல பாத்தப்போவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் பல்லின்னு சொன்னப்போ?"

"தெரியும்."

"எம்மேல கோவம்னா என் சோத்துல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கலாமே அண்ணி. அந்தப் பிள்ளை சோத்துல ஏன் கை வச்சீங்க?"

நான் துண்டை வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"சின்ன வயசுலேருந்து எல்லாரும் என்கிட்ட ஓடி வர்றாங்க, நான் என்ன பண்ணட்டும்? கதவைச் சாத்திக்கட்டுமா?" துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, சொல்லுங்க. மொதல்லேருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."

கர்னல் டாக்டரிடம் பேசினார். காய்ச்சல் விட்டிருப்பதால் திங்கள் முதல் கொஞ்சமாக ஊட்டிப் பார்க்க அனுமதி வந்தது. கூடவே கர்னலின் உத்தரவும் வந்தது. "நீ ஸ்பூனைத் தொடக்கூடாது. வாயால் மட்டும் சொல்லிக்கொடு."

சொல்லிக்கொடுத்தேன். தாடை நெஞ்சைப் பார்த்துத் தாழ்ந்திருக்கவேண்டும். ஸ்பூன் பல்லில் உரசக்கூடாது. எதிரே, அவள் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து ஊட்டவேண்டும். ஒவ்வொன்றாக என் பெட்டியைத் திறந்து நகையைக் கழற்றிக் கொடுப்பது போலிருந்தது. குருவியின் கண் மேலே போனதும் நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"இப்போ 'இருக்கேன்'னு சொல்லு. ஒரே தடவை. அப்புறம் மூச்சு விடாதே."

"இருக்கேன்டி," என்றாள்.

'டி' நான் சொல்லிக்கொடுத்ததில்லை. குருவிக்குப் பிடித்திருந்தது, விழுங்கிவிட்டு அந்த 'டி'க்காகவே அடுத்த வாயைத் திறந்தாள். எனக்கு அடிவயிற்றில் எரிந்தது. எரியட்டும் என்று நின்றேன்.

செவ்வாய்க்கிழமை வேறொரு சிக்கல். குருவி பாதியில் என்னைத் தேடித் தலையைத் திருப்பினாள். தலை திரும்பினால் தாடை தூக்கும். தாடை தூக்கினால் புரையேறும்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இங்க நின்னா சரிப்படாது."

நான் வெளியே போனேன். கதவில் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டில், குருவிக்குத் தெரியாமல் நின்றேன். முதல் இரண்டு நிமிடம் குருவி கதவைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

புதன்கிழமை டாக்டர் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோப்பு மடியில். கர்னல் அவர் பின்னால். நான் கதவுக்கு வெளியே. ஒரு கிண்ணம். எனக்கு நாற்பது நிமிடம் ஆகும், நாத்தனாருக்கு முப்பத்தைந்து. ஒரு இருமல் இல்லை.

டாக்டர் கோப்பை மூடினார். கையெழுத்துக் கேட்கவில்லை. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"மேலே பார்த்தால் நிறுத்தவேண்டும் என்பது நல்ல கண்டுபிடிப்பு. யார் கண்டுபிடித்தது? எப்போது?"

'எப்போது' என்ற கேள்விக்கு ஏழு மாதம் முன்பு என்பதுதான் பதில். கர்னல் என்னைப் பார்த்தார்.

நாத்தனார் குருவியின் வாயைத் துடைத்துக்கொண்டே, பத்து நாளில் பொறுக்கிய உள்ளூர் மொழியில் சொன்னாள். "இவளேதான். இவள்தான் சொல்லிக்கொடுத்தாள்."

டாக்டர் சிரித்துக் குருவியின் கன்னத்தைத் தட்டினார். பேச்சு முடிந்தது. என் குற்றம் அழிந்தது. கூடவே என் பத்து மாதமும்.

மறுநாள் எனக்கு விமானம். நடைபாதையில் அவளைப் பிடித்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லணும்? பொய் ஒண்ணும் இல்லையே. உங்களுக்கே அவதானே சொல்லிக்குடுத்தா." கிண்ணத்தைக் கழுவ நடந்தபடியே சொன்னாள். "அண்ணன்கிட்டயும் சொல்ல மாட்டேன். நிம்மதியாப் போங்க."

பாருங்கள், நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே அதற்குத்தான்.

"கழுத்துக்கு வச்ச தலையணை கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. போய்ச் சரி பண்ணு," என்று வந்தது.

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பி அறைக்குள் போனாள். உள்ளிருந்து குரல் கேட்டது. "ஆமா அண்ணி. ஒரு விரல் இறங்கித்தான் இருக்கு. நல்லவேளை பாத்தீங்க."

உண்மையிலேயே இறங்கியிருந்ததா, எனக்காகச் சொன்னாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.