ஊற்றிக் கொடுக்காத பிளாஸ்க்

ரியோ கொலராடோ ஆற்றைத் தாண்டி எந்தப் பழமும் போகக் கூடாது. சோதனைச் சாவடியில் பறிகொடுப்பதைவிட வயிற்றுக்குள் தள்ளுவது மேல் என்று பஸ்ஸில் எல்லோரும் ஆரஞ்சை உரித்துத் தின்றார்கள். பக்கத்து இருக்கை எவரிஸ்தோ மட்டும் மடியில் பிளாஸ்க்கை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு உறுத்தியது. வெந்நீர் பிளாஸ்க் வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரன் பக்கத்தில் இருப்பவனுக்கு மாத்தே இலைத் தேநீர் ஒரு வாய் கொடுக்காமல் இருக்கமாட்டான். இவரோ காலையிலிருந்து மூடியையே தொடவில்லை.

ஆற்றுக்கு அப்பால் என் பேரிக்காய்த் தோட்டம். ஒரு பழ ஈ புகுந்தால் போதும், வெளிநாட்டுக்காரன் ஒரு பெட்டிகூட வாங்கமாட்டான்.

"அண்ணே, ஒரு வாய் மாத்தே ஊத்துங்களேன்."

"தண்ணி ஆறிப்போச்சுப்பா."

"நல்லதாப்போச்சு, நாக்கு சுடாது."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

சோதனைக்கு ஏறிய அதிகாரி நெலிதா சிரித்தாள். "மாத்தே இல்லைங்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். தொறங்கண்ணே."

உள்ளே அத்திப்பழங்கள்.

"மாசமா இருக்கிற என் பொண்ணு ஆசைப்பட்டா," என்றார் எவரிஸ்தோ.

நெலிதா ஒன்றைப் பிளந்தாள். பழ ஈயின் வெள்ளைப் புழு நெளிந்தது. அவர் முகம் செத்துவிட்டது. பழங்களைப் பறித்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

பஸ் ஆற்றைக் கடந்ததும் என் பிளாஸ்க்கிலிருந்து அவருக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை, அங்கேயும் ஒரு பழம் இருக்குமோ என்று, அவருடைய கோட்டுப் பையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.