றெயில் ஆணிக் கத்தி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் வஸீரை அடிக்க மன்னார்த் தீவில் ஆளில்லை. இதை அவனே ஒப்புக்கொள்வான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்களிடம் தொழுவிக்கிற சாஹுல் ஹமீட் லெப்பை, பெருநாள் குர்பானுக்கு மாடு அறுக்கிற கத்தி தேய்ந்துபோய்விட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்றார். வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொல்வதற்குள் வஸீர் முந்திக்கொண்டான்.

"கடையில வாங்கப் போறீங்களோ? நல்லாயிருக்கு! இருபது வருஷமா இரும்போட கிடக்கிறவன் நான் ஒருத்தன் நிக்கிறன். நானே அடிச்சுத் தாறன் லெப்பை."

இருபது வருஷம் உண்மைதான். ஆனால் அந்த இருபது வருஷமும் அவனுடைய வெல்டிங் கடையில் செய்தது கேற்றும் ஜன்னல் கிறிலும். கத்தி என்று ஒன்றை அவன் பிறந்ததிலிருந்து செய்ததில்லை. கேற்றுக்கான இரும்பு அடித்தால் வளைந்து கொடுக்க வேண்டும், கத்தி விளிம்பு வளையவே கூடாது. இந்தச் சின்ன வித்தியாசம் அந்த நேரம் அவன் மண்டையில் ஏறவில்லை.

அதுவும் குர்பான் கத்தி விளையாட்டுக் காரியமில்லை. அறுபடும் சீவன் நோகக் கூடாது, ஒரே இழுப்பில் முடிந்துவிட வேண்டும். மொட்டைக் கத்தி பாவம். வஸீர் தொழுகையில் கொஞ்சம் முன்னே பின்னே என்றாலும் இந்தப் பாவத்துக்கு மெய்யாகவே பயந்தான். தன் பிழைக்குத் துடிக்கப்போவது தான் இல்லையே, அந்தச் சீவன்தானே என்ற எண்ணம் இரண்டு இரவு அவனைப் புரட்டி எடுத்தது.

என்ன இரும்பு நல்லது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! போனில் ஒரு வீடியோ பார்த்தான். வெள்ளைக்காரன் ஒருவன் அரை மணி நேரம் பேசியதில் வஸீருக்கு விளங்கியது "காபன்" என்ற ஒரு சொல் மட்டும். கத்தி உருக்கில் காபன் கூட இருக்க வேண்டுமாம். எந்த இரும்பில் கூட இருக்கும்? பின்வளவில் பழைய தலைமன்னார்ப் பாதையில் தண்டவாளத்தை இறுக்கிய றெயில் ஆணிகள் நாலைந்து துருப்பிடித்துக் கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்து இரும்பு! ஓடுகிற றெயிலையே தாங்கிய இரும்பு! அதில் இல்லாத காபனா? இதுதான் வஸீரின் விஞ்ஞானம்.

இரண்டு ஆணிகளை ஒட்டவைத்து, காய்ச்சி, தட்டி, தண்ணீரில் முக்கி, கிறைண்டரில் தீட்டிப் பளபளவென்று ஒரு கத்தி செய்தான். மிச்சத்தில் மனைவிக்கு ஒரு சின்னக் கத்தியும் ஆயிற்று. பெரியதைப் பச்சைத் துணியில் சுற்றி லெப்பையிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தானா? படம் எடுத்து முகநூலில் போட்டான். "கத்தி செய்ய விரும்புவோர் றெயில் ஆணியைத் தேடவும். காபன் நிறைந்தது." முந்நூறு பேர் விரும்பியிருந்தார்கள். அன்று முழுக்க வஸீரின் கால் நிலத்தில் படவில்லை.

மறுநாள் அவன் மனைவி மரியம் அந்தச் சின்னக் கத்தியால் சூரை மீன் ஒன்றை வெட்டினாள். குடலெடுக்கும்வரை நல்லாகத்தான் போனது. தலையில் போட்ட இரண்டாவது வெட்டோடு குசினியிலிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ! உங்கட கத்தி சூரைக்குப் பயந்து மூஞ்சியத் திருப்பிட்டுது!"

விளிம்பு கடதாசி மாதிரி மடங்கியிருந்தது. சூரைத் தலைக்கே இந்தக் கதியென்றால் மாட்டுக் கழுத்துக்கு? பெரிய கத்தியும் இதே ஆணிதானே!

அன்றைக்கே பேசாலைக்குப் போனான். அங்கே லொறி திருத்தும் ரொபின்சன் பழைய பழக்கம். வஸீர் யாரோ ஒரு சிநேகிதன் றெயில் ஆணியில் செய்த கத்தி என்று சொல்லி மடங்கிய சின்னக் கத்தியை நீட்டினான். ரொபின்சன் முகத்தைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைக் கிறைண்டரில் பிடித்தான். தீப்பொறி நீள நீளமாக, நேராகப் பறந்தது. பிறகு மூலையில் கிடந்த உடைந்த லொறி ஸ்பிரிங் தகடு ஒன்றைப் பிடித்தான். இந்தத் தடவை ஒவ்வொரு பொறியும் நுனியில் வெடித்து மத்தாப்பாய்ச் சிதறியது.

"பாத்தீங்களோ அண்ணை? இப்பிடி வெடிச்சால்தான் காபன் இருக்கெண்டு அர்த்தம். றெயில் ஆணி மெதுவான இரும்பு, காபன் குறைவு. அது உடையாமல் வளையோணும் எண்டுதான் அப்பிடிச் செய்யிறவங்கள். நீங்கள் எத்தினை தரம் காய்ச்சி முக்கினாலும் இறுகாது."

"நான் இல்லை. என்ர சிநேகிதன்."

"ஓம் ஓம், சிநேகிதன். அவரிட்டச் சொல்லுங்கோ, ஸ்பிரிங் உடைஞ்ச இடத்துக்குக் கிட்ட வெட்ட வேண்டாமெண்டு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கும். தண்ணியில முக்கவும் வேண்டாம், எண்ணெயில முக்கச் சொல்லுங்கோ."

இருபது வருஷம் கண்ணுக்கு முன்னால் பொறி பறந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நாளாவது அது எப்படிப் பறக்கிறதென்று பார்த்தானா? தலையில் அடித்துக்கொள்ளக் கை வந்தது, ரொபின்சன் பார்க்கிறானே என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

ரொபின்சனிடம் அந்தத் தகட்டை வாங்கிவந்து, நல்ல பக்கத்தில் வெட்டி, அதே அளவில், அதே பிடியோடு இன்னொரு கத்தி செய்தான். எண்ணெயில் முக்கி எடுத்து அரத்தால் உரசினால் அரம் வழுக்கியது, இரும்பு அவ்வளவு இறுகியிருந்தது. பிறகு நொறுங்காமல் இருக்க, மரியம் கேக் சுடுகிற அடுப்பில் வைத்து இதமாகச் சூடாக்கினான். சூரைத் தலை மூன்றைப் பிளந்தும் விளிம்பு அசையவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, "கொஞ்சம் பொலிஷ் பண்ணித் தாறன்" என்று லெப்பையிடம் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்துவிட்டான். ஒரு குருவிக்கும் தெரியாது. பாவமும் போயிற்று, மானமும் தப்பியது என்று நிம்மதியாகத் தூங்கினான்.

பெருநாள் காலை. லெப்பை பிஸ்மி சொல்லி ஒரே இழுப்புத்தான் இழுத்தார். மாடு கத்தவில்லை. சுற்றி நின்றவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். வஸீருக்கு நெஞ்சு விரிந்தது. அப்போது பக்கத்து வளவு பைறூஸ் அவன் முதுகில் ஒரு போடு போட்டான்.

"றெயில் இரும்பெண்டால் றெயில் இரும்புதான் மச்சான்! நீ எழுதினதைப் பாத்திட்டு நானும் ஆணி தேடிப் பிடிச்சு ஒரு கத்தி அடிப்பிச்சிட்டன். நாளைக்கு என்ர கிடாய் அதாலதான்."

விரிந்த நெஞ்சு அப்படியே இறங்கியது. பைறூஸைத் தனியே கூப்பிட்டு ஏதாவது சாட்டுச் சொல்லலாம். கத்தியைப் பொலிஷ் பண்ணித் தருகிறேன் என்று வாங்கலாம். பொய் ஒன்று நாக்கு நுனியில் ரெடியாக நின்றது. ஆனால் ஊரில் இன்னும் எத்தனை பேர் ஆணி பொறுக்கினார்களோ? எல்லாருடைய கத்தியையும் இவன் எப்படிப் போய் மாற்றுவான்?

"கொஞ்சம் எல்லாரும் கேளுங்கோ," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "இது றெயில் ஆணி இல்லை. லொறி ஸ்பிரிங். முதல் தந்த கத்திதான் ஆணி. அது மீன் தலைக்கே மடங்கிச்சு. வெக்கத்தில சொல்லாமல் மாத்தி வச்சிட்டன். ஆணிக் கத்தி வச்சிருக்கிறவங்கள் அதால அறுக்க வேண்டாம். முகநூலில எழுதினதையும் இப்பவே அழிக்கிறன்."

லெப்பை கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு இரும்பைப் பற்றி என்னதான் தெரியும்?"

"கேற்றுச் செய்யத் தெரியும், லெப்பை."

முற்றமே சிரித்தது. சின்னப் பிள்ளைகள்கூட. வஸீரும் சேர்ந்து சிரித்துப் பார்த்தான். பைறூஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதை மச்சான்," என்றான் அவன். "நீ இண்டைக்குச் சொல்லியிராட்டி, நாளைக்கு என்ர கிடாய் கத்திச் சொல்லியிருக்கும்."

வஸீரின் சிரிப்பு நின்றது. அவன் லெப்பையின் கையிலிருந்து கத்தியைக் கேட்டு வாங்கி, குழாயடியில் நன்றாகக் கழுவித் துடைத்து, பைறூஸிடம் நீட்டினான்.