பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்

நாற்காலிக் கடை முதலாளி இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டுப் புது மனிதராகத் திரும்பி வந்தார். அதற்கு அடையாளமாகக் கையில் ஒரு நோட்டும், கழுத்தில் கழற்ற மறந்த அட்டையும் இருந்தன. வளரத் துடிக்கும் முதலாளி என்று அந்த அட்டையில் அச்சடித்திருந்தது.

வந்ததும் வராததுமாகக் கடையில் இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒருவர் விற்பனையைக் கவனிக்கும் அக்கா. முதலாளியைவிட இரண்டு வயது சின்னவர்தான். ஆனாலும் பதினொரு வருடமாக எல்லோருக்கும் அக்கா, முதலாளிக்கும் அக்கா. இன்னொருவன் பில் போடும் மைத்துனன். முதலாளியின் மனைவி செய்த சிபாரிசில் வந்தவன், அதே சிபாரிசில் நீடிக்கிறவன்.

"வர்றவங்க 'பாக்கலாம்'னு சொன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் முதலாளி.

"பாக்கலாம்னு அர்த்தம் மாமா" என்றான் மைத்துனன்.

"அதான் இல்ல. வேணாம்னு அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல வாய் வராது. பாக்கலாம்னு சொல்லிட்டு நைசா நழுவிடுவாங்க. இனிமே விடக்கூடாது. சிரிச்ச முகத்தோட மூணே கேள்வி. எத பாக்கணும்? யாரு பாக்கணும்? எப்போ பாக்கணும்? பதில் வரலைன்னா, கடை நோட்டுல 'போச்சு'ன்னு எழுதிட்டு அடுத்த ஆளப் பாருங்க."

அக்கா எல்லாவற்றையும் நின்றபடி கேட்டுக்கொண்டார். அந்தக் கடையில் அவர் எதையுமே நின்றபடிதான் கேட்பார். விற்கிறவர் உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு மரியாதைக் குறைவு என்று கடை திறந்த அன்றே முதலாளி சட்டம் போட்டிருந்தார். நாற்பத்தாறு நாற்காலி உள்ள கடையில் உட்கார உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர்: பில் போடுகிற மைத்துனன், அறைக்குள் முதலாளி. மற்றபடி எல்லா நாற்காலியும் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு சும்மா இருந்தன.

மூன்று கேள்வி நன்றாகவே வேலை செய்தது. முதல் வாரத்திலேயே ஒரு வக்கீல், "வீட்டுல கேட்டுட்டுப் பாக்கலாம்" என்று வாசலை நோக்கி நடந்தார். அக்கா சிரித்த முகத்தோடு, "வீட்டுல யாரு பாக்கணும் சார்?" என்றார். வக்கீல் அந்த இடத்திலேயே மனைவிக்குப் போன் போட்டார். மனைவி, "உங்க முதுகு, உங்க நாற்காலி, என்ன எதுக்குக் கேக்கறீங்க?" என்று போனை வைத்துவிட்டார். நாற்காலி விற்றது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா முதலாளியின் அறைக்குள் வந்தார்.

"முதலாளி, எனக்கு முட்டி வலி. ஆள் இல்லாத நேரத்துல கொஞ்சம் உக்காந்துக்கட்டுமான்னு மூணு வருஷம் முன்னால கேட்டேன். பாக்கலாம்னு சொன்னீங்க."

"ஆமாக்கா, சொன்னேன்."

அக்கா முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்தார். "எத பாக்கணும்? யாரு பாக்கணும்? எப்போ பாக்கணும்?"

முதலாளி நாற்காலியில் அரைச் சுற்று சுற்றினார். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது, திரும்பி வந்தார். வாய் பழக்க தோஷத்தில், "பாக்கலாம்கா" என்றது.

"சரி, புரிஞ்சுது" என்றார் அக்கா. "எதிர் வரிசை கட்டில் கடையில கூப்பிடறாங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து அங்க போறேன்."

வெளியே போய்க் கடை நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'போச்சு' என்று எழுதினார்.

கடையில் விற்கும் பத்து நாற்காலியில் எட்டு அக்கா விற்றது. அக்கா போனால் இந்தக் கடை படுத்துவிடும், கட்டில் கடை எழுந்து உட்கார்ந்துவிடும். முதலாளி அவசரமாகப் பயிற்சிக் குறிப்பைப் புரட்டினார். நல்ல ஊழியரைத் தக்கவைப்பது எப்படி என்பது இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. அந்தப் பக்கத்தில் தலைப்பும், தூக்கத்தில் பேனா இழுத்த ஒரு கோடும் இருந்தன.

மறுநாள் காலை ஒரு ஆஸ்பத்திரியின் மேனேஜர் அம்மா வந்தார். அவர்கள் அலுவலகத்துக்கு எண்பது நாற்காலி வேண்டும். முதலாளி அறையை விட்டு வெளியே வந்து பக்கத்திலேயே நின்றார். அக்கா நாற்காலியை உயர்த்தினார், தாழ்த்தினார், சுழற்றிக் காட்டினார்.

"எங்க ஆளுங்க எட்டு மணி நேரம் உக்காரணும். முதுகு வலிக்காதே?" என்று கேட்டார் மேனேஜர் அம்மா.

"தெரியாதுங்க" என்றார் அக்கா. குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். "நான் இதுல உக்காந்ததே இல்ல. பதினொரு வருஷமா நின்னுட்டுதான் விக்கிறேன்."

மேனேஜர் அம்மா முதலாளியைப் பார்த்தார், அவர் கழுத்தில் இன்னும் தொங்கிய அட்டையைப் படித்தார். "பாக்கலாம்" என்று கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"எதங்க பாக்கணும்?" என்று பின்னாலேயே போனார் முதலாளி.

"இவங்க ஒரு மாசம் இதுல உக்காந்து பாக்கட்டும். அப்புறம் வர்றேன். இவங்ககிட்டதான் கேப்பேன், உங்ககிட்ட இல்ல."

மேனேஜர் அம்மா போய்விட்டார். முதலாளிக்கு வெட்கமாக இருந்தது. எண்பது நாற்காலி போனதற்காக அல்ல. மூன்று வருடம் அந்த முட்டி தன் கண் முன்னால் வலித்துக்கொண்டே நின்றிருக்கிறதே என்பதற்காக. கடையிலேயே விலை உயர்ந்த நாற்காலியை இழுத்து வந்தார். உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

"உக்காருங்கக்கா."

அக்கா உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்து, கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "கைப்பிடி ரொம்பத் தாழ்வு" என்றார்.

"கட்டில் கடைக்குப் போகணுமாக்கா?"

அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார்.

முதலாளிக்கு மூன்று கேள்வியும் நாக்கின் நுனி வரை வந்தன. கேட்கப் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அக்கா பழக்கத்தில் கைப்பிடியை ஊன்றி எழப் போனார்.

"நீங்க உக்காருங்கக்கா" என்றார் முதலாளி. "நான் பாத்துக்கறேன்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை.