ஜூன் முப்பத்தொன்று

1979 ஜூலைக்குப் பிறகு தாஹிராவுக்கு வயது ஏறவில்லை. கம்பெனிப் பதிவேட்டில் அவள் பிறந்த தேதி ஜூன் 31 என்று இருந்தது. அந்தத் தேதி எந்த வருடமும் வரவில்லை, அதனால் ஏறவில்லை. வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய நாள் இடது கன்னத்தில் கிளம்பிய பரு பழுக்கவும் இல்லை, காயவும் இல்லை. நகம் வளரவில்லை. பின்னலின் நுனி இடுப்புக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. முதல் இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வருடம் ஓசூரில் கொஞ்சம் பேசினார்கள். நான்காவது வருடம் தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

தேதி வந்த விதம் இது. சிப்காட் தொழிற்பேட்டையில் அப்போது ஒரு பல்பு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். பல்புக்குள் எரியும் சுருள் கம்பி தலைமயிரை விட மெல்லியது. அதை இடுக்கியால் எடுத்து இரண்டு முனைகளில் மாட்டக் கூர்மையான கண்ணும் சின்ன விரலும் வேண்டும் என்பதால் கம்பெனி ஊர் ஊராக ஜீப் அனுப்பிப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தது. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்று விதி. வந்த முப்பத்தொரு பேரில் ஒருத்திக்கும் பதினேழு தாண்டவில்லை. கிளார்க் முனிவேல் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியின் பெற்றோரிடமும் பிறந்த தேதி கேட்டார். ஜவளகிரித் திம்மராயன் தன் மகள் சென்னம்மா, யானை ராகிக் கொல்லையில் புகுந்த வருடம் பிறந்தவள் என்றார். ஒரு தாய் அமாவாசைக்கு மறுநாள் என்று தெலுங்கில் சொன்னாள், எந்த அமாவாசை என்று தெரியவில்லை. பாலக்காட்டிலிருந்து வந்து டீக்கடை வைத்திருந்தவர் நட்சத்திரத்தை மட்டும் சொன்னார். தாஹிராவின் அத்தா கௌஸ் மொய்தீன் பஸ் நிலையத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். ரஜப் மாதம் மூன்றாம் பிறை என்று அவர் மட்டும் திட்டமாகச் சொன்னார். முனிவேல் எதையும் எழுதவில்லை. எல்லோருக்கும் ஒரே தேதி போட்டால் சோதனைக்கு வருகிறவன் சந்தேகப்படுவான் என்று, வரிசையில் முதலில் நின்றவளுக்கு 1961 ஜூன் 1, அடுத்தவளுக்கு ஜூன் 2 என்று போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் "ஆயித்து, அடுத்தது வா" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். முப்பதாவதாக நின்றவள் தாஹிரா. பின்னால் நின்ற சென்னம்மா அவள் தோளைத் தட்டி, "ஏ புள்ள, ஜவளகிரி பஸ்ஸு போயிடும், என்னெ முன்னால உடேன்" என்றாள். தாஹிரா விட்டாள். சென்னம்மாவுக்கு ஜூன் 30 கிடைத்தது. தாஹிராவுக்கு அடுத்தது கிடைத்தது. பதினெட்டு முடிந்தது என்று கம்பெனி டாக்டர் முப்பத்தொரு பேருக்கும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனியில் பிறந்தநாளுக்கு ஒரு முறை இருந்தது. காலை பத்து மணி டீக்கு முன் ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். ரோஸ் நிற கிரீம் வைத்த கேக்கில் ஒரு துண்டு கொடுப்பார்கள். மேஸ்திரி கை தட்டுவார், மற்றவர்களும் தட்ட வேண்டும். அதுவரை தங்களுக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருப்பதையே அறியாத பெண்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஆனேக்கல் பெண் அன்றைக்குப் புதுத் துணி உடுத்திச் சாக்லேட் பொட்டலம் கொண்டு வந்தாள். பாலக்காட்டுப் பெண் கேக்கை வாங்கி வைத்துவிட்டு, தன் நட்சத்திரம் வரும் நாளில் விளக்கேற்றிப் பாயசம் குடித்தாள், ஆக வருடத்துக்கு இரண்டு. தெலுங்குப் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து வந்தார்கள். பெண்கள் சீக்கிரமே பொய்த் தேதியை நம்பத் தொடங்கினார்கள், அவர்கள் உடம்புகளும் நம்பின. 1982 ஜூனில் அவர்களுக்கு வரிசையாக இருபத்தொரு வயது முடிந்தது. இருபத்தொன்று முடிந்தால் டிரெய்னியின் மஞ்சள் பேட்ஜைக் கழற்றி நிரந்தரத் தொழிலாளியின் நீல பேட்ஜைக் குத்துவார்கள். முப்பது நாள் முப்பது நீல பேட்ஜ். ஜூலை ஒன்றாம் தேதி தாஹிரா தலை வாரி, ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்றாள். அது சினிமாப் பாட்டுப் போட்டது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பிறந்தநாள். ஒன்று வந்துவிட்டால் மற்றவை தானாக வந்து சேரும் என்று நம்பினாள். பர்கூரில் கல்குவாரியில் இருந்த மாமன் மகன் ஜமீர் அகமது அவளுக்காக நான்கு வருடம் காத்திருந்தான். நான்காவது வருடம் வந்து பார்த்துவிட்டு, "மாமி, என் தங்கச்சியவிடச் சின்னதா இருக்கா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று அவள் தாய் ரஹமத் பீவியிடம் சொல்லிவிட்டுப் போய், ஊத்தங்கரையில் வேறு பெண் கட்டினான். பிறந்தநாள் கொண்டாடுவது நம் வழக்கமில்லை என்று சொல்லிவந்த ரஹமத் பீவி அந்த ரஜப் மூன்றாம் பிறைக்கு நெய்ச்சோறு ஆக்கி, பாத்திஹா ஓதி, மகளுக்கு ஊட்டினாள். பரு சிவந்து வீங்கியது. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் காலை கேட்டில் கார்டு குத்தியதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மிஷினைச் சரிபார்க்க வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர், தன் தாய் காலத்தில் ஊரில் எல்லோருக்கும் வருடப் பிறப்பன்று ஒன்றாகத்தான் வயது ஏறும், இவளுக்கும் அப்படி ஏற்றினால் என்ன என்று கேட்டார். ஆபீசில் சிரித்தார்கள். அவர் தாஹிராவின் முன் இடுப்பு வரை குனிந்து எழுந்து, விமானத்தைப் பிடிக்கப் போனார்.

1986இல் அவள் தேதியைத் திருத்தக் கோரி மனுக் கொடுத்தாள். மேனேஜர் அவள் கோப்பை வரவழைத்து இரண்டு நாள் வைத்திருந்தார். ஒரு ஷிஃப்டில் அவள் மாட்டும் சுருள்கள் ஏழு வருடத்தில் குறையவே இல்லை, கண் பரிசோதனை அட்டையில் மாற்றமே இல்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். மற்ற முப்பது பேரில் பாதிப் பேர் அதற்குள் கண்ணாடி போட்டிருந்தார்கள். பிறகு முனிவேலைக் கூப்பிட்டு, திருத்தலாம், ஆனால் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை எடுக்க வேண்டும், எடுத்தால் முப்பத்தொரு பேரையும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். முனிவேல் கேன்டீனில் வந்து சொன்னார்.

"உனக்கு ஒரு வயசு ஏறணும்னு நாங்க முப்பது பேரும் ஊட்டுக்குப் போவணுமா?" என்றாள் சரசம்மா. அவள் ஜூன் 12.

"இவளுக்கு இன்னா கொறைச்சல்? முட்டி வலி இல்ல, கண்ணாடி இல்ல. எனக்குக் குடுங்கடி அந்தத் தேதிய" என்றாள் நஞ்சம்மா. சிலர் சிரித்தார்கள்.

தாஹிரா சென்னம்மாவைப் பார்த்தாள். சென்னம்மா அப்போது யூனியன் கமிட்டியில் இருந்தாள், நான்கு வயதுப் பெண் இருந்தது, புருஷன் குடித்துக்கொண்டிருந்தான். "நீதானடி அன்னிக்கு என்னெ முன்னால உட்ட. நானா கேட்டேன்?" என்றாள்.

"நீதான் கேட்ட. பஸ்ஸு போயிடும்னு கேட்ட."

சென்னம்மா எதிரில் இருந்த டம்ளரை எடுத்துக் குடித்தாள், அது காலியாக இருந்தது. தாஹிரா மனுவை முனிவேலிடமிருந்து வாங்கி நான்காகக் கிழித்து, எச்சில் தட்டுப் போடும் தொட்டியில் போட்டாள். அடுத்த ஜூன் 30 முதல் சென்னம்மா தன் கேக் துண்டில் பாதியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தாள். தாஹிரா அதைச் சாப்பிட்டாள். கேக்கின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

வருடங்கள் போயின. கௌஸ் மொய்தீன் இறந்தார், தள்ளுவண்டி போயிற்று. கெலவரப்பள்ளியில் அணை வந்தது. சென்னம்மாவின் மகள் முத்துமணி ஐந்து வயதில் தாஹிராவைச் சின்னம்மா என்றாள், பன்னிரண்டில் அக்கா என்றாள், பதினைந்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை, பார்த்தால் அதுதான் சரியாக இருந்தது. சென்னம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் சுருள் தெரியவில்லை. அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். 1998இல், கண் போனவர்கள் விலகிக்கொண்டால் மகளுக்கு வேலை என்று அறிவிப்புப் போட்டார்கள். சென்னம்மா விலகிக்கொண்டாள்.

ஆள் எடுக்கும் நாளில் விடிவதற்குள் மகளை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். கடைசி ஆளாக மட்டும் நிற்கக் கூடாது என்று பத்தொன்பது வருடமாக அவளுக்குத் தெரியும். அவசரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முத்துமணி விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டாள். நாற்பது பேர் பின்னால் நின்றார்கள். ஓய்வு பெற ஒரு மாதம் இருந்த முனிவேல் படிவத்தை நீட்டினார். பிறந்த தேதி என்ற இடத்தில் எழுதுவதற்குக் கோடு இல்லை. ஜூன் 31 என்று அச்சாகியே இருந்தது. எல்லாப் படிவத்திலும் அப்படித்தான்.

"சார், ஜூனுக்கு முப்பதுதானே?" என்றாள் சென்னம்மா.

"தெரியும்மா. மேலருந்து அச்சடிச்சே வந்திருக்கு. போடுறியா, இல்ல அடுத்த ஆளக் கூப்புடட்டா?"

சென்னம்மா திரும்பிப் பார்த்தாள். இரண்டாவதாக நின்றவளின் தாய், என்ன தேதியானால் என்ன என்பது போல, தன் மகளை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஷெட் வாசலில் மஞ்சள் பேட்ஜுடன் தாஹிரா நின்றிருந்தாள். அதே பின்னல், அதே பரு.

"போடு சென்னம்மா" என்றாள் தாஹிரா. "பஸ்ஸு போயிடும்."

சென்னம்மா கையெழுத்துப் போட்டாள். கண் தெரியாததால் கையெழுத்துக் கோட்டை விட்டு விலகிப் போட்டாள், முனிவேல் பரவாயில்லை என்றார்.

நிரந்தரத் தொழிலாளிகள் ஒவ்வொருவராகப் போன பிறகு, கம்பெனி பேக்கரிக்குக் கொடுத்திருந்த கேக் ஆர்டரை நிறுத்திக்கொண்டது. பத்து மணிக்கு ஒலிபெருக்கி பாட்டு மட்டும் போடுகிறது. முத்துமணிக்குத் தாஹிராவின் பக்கத்து மேசை. இரண்டு பேரும் ஒரு வயதுப் பிள்ளைகள்போல டிபனை மாற்றிச் சாப்பிடுகிறார்கள். அந்த வருடமும் ஜூன் முப்பதுக்கு மறுநாள் ஜூலை ஒன்றுதான் வந்தது. முத்துமணியின் முழங்கால் காயம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. சென்னம்மா தினமும் காலையில் பழைய துணியை அவிழ்த்துப் புதுத் துணி கட்டி, அவளை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு அனுப்புகிறாள்.