வெள்ளி நாலு மணி வட்டம்

அன்று அறையில் இருந்தவர்கள்:

வசித்தி, சர்வர் பிரிவு. பெண்கள் வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். அவள் கேட்டு வாங்கிய பதவியல்ல.
ஆர்த்திகா, சோதனைப் பிரிவு. வாய் சும்மா இருக்காது.
பிரான்வின், சிட்னி தலைமையகம். சுவரில் மாட்டிய திரையில்.
நான், இரவுப் பணி. கேக்குக்காக வந்தவள்.
கேக்.

வராதவர்கள்: எபேலியும் மற்ற ஆண்களும். மூன்று கதவு தள்ளி, சாமான் அறையில் இருந்தார்கள்.

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. அந்த வேலையை விட்டு வந்த பிறகும் அந்த வெள்ளிக்கிழமை என்னை விடவில்லை. எழுதினால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். போகவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சுவாவில் மழை பெய்துகொண்டிருந்தது.' சுவா எங்கள் தீவின் தலைநகர்; அங்கே எப்போது பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'தொழில்நுட்பத் துறையில் பெண்களின் முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பது' — இதையும் பாதியில் விட்டேன். என்ன தடை என்று எழுத உட்கார்ந்தால், எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். அதுதான் என் எரிச்சல்.

2

விஷயம் எளிது. எங்கள் அலுவலகம் ஆஸ்திரேலியக் கடைகளின் பணப் பட்டுவாடா சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும். பழைய சர்வர்களிலிருந்து எல்லாவற்றையும் புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். பெரிய வேலை. அதற்குத் தலைமை ஏற்பவர் பிறகு கீழே இறங்க வேண்டியதில்லை. மாற்றும் திட்டத்தை எழுதியவள் வசித்தி.

ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்கு சாமான் அறையில் பிளாஸ்டிக் பேசினில் யங்கோனா என்ற, லேசாக மயக்கம் தரும் வேர்த்தூளைக் கரைப்பார்கள். சுற்றி உட்கார்ந்து சிரட்டையில் குடிப்பார்கள். யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அலுவலகத்தில் அதைக் குடிக்கக் கூடாது என்று விதி இருப்பதால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். வசித்தியும் முன்பெல்லாம் கதவோரம் உட்கார்ந்து இரண்டு சிரட்டை குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

(யங்கோனாவை யாரும் காலண்டரில் குறிப்பதில்லை. இந்த அடைப்புக்குறியை மறக்காதீர்கள். மொத்தக் கதையும் இதற்குள் இருக்கிறது.)

பிரான்வின் பெண்களுக்காக ஒரு வட்டம் தொடங்கினாள். சிட்னியிலிருந்து எங்கள் காலண்டரைப் பார்த்தாள். வெள்ளி நாலு மணி எல்லோருக்கும் காலி. அங்கே வட்டத்தை வைத்தாள். 'இது பாதுகாக்கப்பட்ட நேரம், யாரும் குறுக்கிடக் கூடாது' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினாள். கேக்குக்குக் காசும் அனுப்பினாள்.

பிரான்வினைக் கெட்டவளாக்க முயன்றேன். ஒரு வரைவில் அவளுக்கு மெல்லிய உதடுகளும் பொய்ச் சிரிப்பும் கொடுத்தேன். நிற்கவில்லை. என் காய்ச்சலுக்குக் கையால் எழுதிய அட்டை அனுப்பியவள் அவள். கெட்டவள் இல்லாமல் கதை எழுதுவது எவ்வளவு சலிப்பு என்று உங்களுக்குத் தெரியாது.

3

வியாழக்கிழமை அந்த மாற்றும் வேலைக்குத் தலைவராக எபேலி ஒரு பெயர் சொன்னான். பிரணில், எங்கள் அலுவலகத்துச் சின்னப் பையன். வசித்தி நேராக அவன் மேசைக்குப் போனாள். எபேலி எங்கள் மேலாளர். அவளுக்கு மாமன் மகனும்கூட.

"மச்சான், அந்தத் திட்டத்தை எழுதினது யாரு?"

"நீதான். அருமையா எழுதியிருந்த."

"அப்புறம் பிரணில் எப்படி உள்ள வந்தான்?"

"போன வெள்ளி பேச்சு வந்துச்சு. இருந்தவங்க பேசினாங்க. நீ இல்ல."

"மூணு கதவு தள்ளித்தானடா இருந்தேன்!"

"பெரிய மீட்டிங்ல இருந்த. பொம்பளைங்களைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சிட்னிக்காரி மெயில் போட்டிருக்கா. நான் சட்டத்தை மதிக்கிறவன்."

"தாழ்ப்பாள் போட்டுக் குடிக்கிறவன் சட்டம் பேசறான் பாரு."

எபேலி விழுந்து விழுந்து சிரித்தான். "கோவம் வந்தா உன் மூஞ்சி வெந்த ஈரப்பலா மாதிரி ஆயிடுது, வசி. உன்னைக் கட்டப்போறவன் பாவம்."

பக்கத்து மேசைகளும் சிரித்தன. வசித்தியும் சிரித்தாள். அவர்கள் வழக்கப்படி, மாமன் மகன், அத்தை மகள் முறையில் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்தே ஆக வேண்டும். அதனால் அவள் எவ்வளவு காட்டமாகப் பேசினாலும் அவன் காதில் அது கேலியாகவே விழும். சிரித்து முடித்தவன், "நாளைக்கு சாயங்காலம் பேரை சிட்னிக்கு அனுப்பிடுவேன்" என்றான்.

(பிரணிலைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். அவன் அந்த வேலையைக் கேட்கவே இல்லை. பேசினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். பயத்தில் வசித்தியிடமே வந்து, "அக்கா, இதை எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். அவளும் சொல்லிக்கொடுத்தாள். தலையில் அடித்துக்கொண்டேன்.)

4

வெள்ளி. திரையில் பிரான்வின். அன்றைய தலைப்பு: 'உங்கள் குரல் கேட்கப்பட.' சத்தியமாக நான் வைத்த தலைப்பு இல்லை.

"பிரான்வின், இந்த வட்டத்தை வேற நேரத்துக்கு மாத்தலாமா?" என்றாள் வசித்தி.

"ஏம்மா, இந்த நேரத்துல என்ன இருக்கு? உங்க எல்லார் காலண்டரும் காலியாத்தானே இருக்கு?"

வசித்தி கேக் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆர்த்திகா அவசரமாக மைக்கை அணைத்தாள். "சொல்லித் தொலையேன்டி!"

"சொன்னா என்ன ஆகும்? அந்த ரூமை மூடுவாங்க. எபேலிக்கு வேலை போகும். எங்க அம்மா என்னை வீட்டுல சேர்க்க மாட்டா."

"போகட்டுமே."

"போனா, பேசினை எவன் வீட்டுலயாவது வெச்சுப்பாங்க. முடிவெல்லாம் அங்க எடுப்பாங்க. அங்க நான் போனா பாத்திரம் கழுவத்தான் போகணும். இங்கயாவது மூணு கதவு தள்ளித்தான் இருக்கு."

"அப்ப பிரணில் பேரு போகட்டும். நீ கேக்கை வெட்டு."

"வெட்டத்தான் போறேன்."

திரையில் பிரான்வின் கையை ஆட்டினாள். "உங்க குரல் கேக்கலையே!"

5

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்று: வசித்தி மைக்கைத் திறந்து உண்மையைச் சொல்கிறாள். பிரான்வின் அதிர்கிறாள், நீதி கிடைக்கிறது. படிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவளோடு யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். அதை எழுத எனக்கு இன்னொரு கதை வேண்டும்.

இரண்டு: பெண்கள் எல்லோரும் பிரான்வினை மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகச் சாமான் அறைக்குப் போகிறார்கள். இதை எழுதி முடித்து இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் படித்தபோது வெட்கமாக இருந்தது.

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம்.

6

நடந்ததைச் சொல்கிறேன்.

வசித்தி கேக்கை வெட்டினாள். வழக்கமான கேக்கில் பாதிதான் இருந்தது. கேக் பெட்டியின் அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சந்தையில் வாங்கிய யங்கோனா தூள்.

"கேக் காசா?" என்றாள் ஆர்த்திகா.

"பாதி."

வசித்தி எழுந்தாள். நானும் பின்னால் போனேன். முதுகுக்குப் பின்னே பிரான்வின் கேட்பது காதில் விழுந்தது. "வசித்தி எங்க போறா?"

"ஒரு மீட்டிங்குக்கு" என்றாள் ஆர்த்திகா.

"இந்த நேரத்துலயா? இது பாதுகாக்கப்பட்ட நேரமாச்சே!"

"அதான் பிரச்சினையே, பிரான்வின்."

வசித்தி தட்டியதும் சாமான் அறைக்குள் பேச்சு நின்றது. பேசினை நகர்த்தும் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. எபேலியின் முகம். அவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"அடடே, ஈரப்பலா! சிட்னிக்காரி விட்டுட்டாளா?"

வசித்தி பதிலுக்குக் கேலி செய்யவில்லை. அலுவலகக் கம்பளத்தில், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில், முட்டி மடக்கி உட்கார்ந்தாள். தலையைத் தாழ்த்திப் பொட்டலத்தை வாசலுக்கு நீட்டி வைத்தாள். கேலி முறைக்காரனிடம் பேசும் குரலில் அல்ல, ஊர்த் தலைவர் முன் பேசும் குரலில், வந்த காரியத்தை, அவளுக்கும் எபேலிக்கும் தாய்மொழியான தீவு மொழியில் சொல்லத் தொடங்கினாள்.

எபேலியின் சிரிப்பு போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் தாங்களாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படி வைத்த பொட்டலத்தைத் தாண்டிப் போக முடியாது. தொட்டால், வந்தவள் சொல்வதைக் கடைசிவரை கேட்டாக வேண்டும். கேட்டதைக் கொடுத்தாக வேண்டும் என்று மட்டும் எங்கும் இல்லை.

அவன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து தொட்டான். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினான்.

"உள்ள வா" என்றான். "வசி" என்று சொல்லவில்லை.

சிட்னிக்கு எந்தப் பெயர் போனது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும். இதை எழுதியதே அதைச் சொல்லத்தான் என்று கடைசி வரைவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லத் தோன்றவில்லை. வேலை தெரிந்தவள் அந்த வேலையைக் கேட்கக் கம்பளத்தில் முட்டி போட வேண்டியிருந்தது. எந்தப் பெயர் போயிருந்தாலும் என் எரிச்சல் இதே அளவுதான் இருக்கும். பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது உங்களுக்கு யார் முகம் தோன்றுகிறது என்றும் பாருங்கள்.

எபேலி ஒதுங்கி வழிவிட்டான். அவள் கதவோரம் உட்காரவில்லை. ஆண்களைத் தாண்டி, பேசினுக்கு நேர் எதிரே போனாள். பிரணில் எழுந்து இடம் கொடுத்தான்.

நானும் ஓர் அடி முன்னால் வைத்தேன். கதவு என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.