எங்கே போகிறாய் என்று கேட்கும் நாடு

கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி லிகாயா எனக்கும் ஜெயமலரக்காவுக்கும் சொல்லித்தந்த முதல் பிலிப்பினோச் சொல் சலாமத். நன்றி. சுவிஸில், துன் ஏரிக்கரை ஹோட்டலின் சலவை அறையில், சாப்பாட்டு இடைவேளைகளில், உடைந்த ஜெர்மனில் அவள் பாடம் நடத்தினாள். மகன்டாங் உமாகா என்றால் காலை வணக்கம். குயா என்றால் அண்ணை. நான் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு மணிலாவின் மழை நனைந்த தெருக்களில் மனதுக்குள் நடந்து திரிவேன். ஜெயமலரக்கா அப்படியல்ல. ஒரு சொல்லைக் கேட்டால், அதற்கு மற்ற ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பா.

“சாஅன் கா புபுந்தா?” என்பதும் அப்படித்தான் வந்தது. எங்கே போகிறாய்? லிகாயா காண்கிற எல்லோரையும் இதைத்தான் கேட்பாள். பாத்திரம் கழுவும் பகுதியிலிருந்து சாப்பிட வரும் மலரக்காவின் கணவர் இரவீந்திரன் மட்டும் முகம் சுளிப்பார்.

“வெளிக்கிடுற ஆளை எங்கை போறாய் எண்டு கேக்கிறதோ? போற காரியம் விளங்குமோ?”

“அவையின்ரை நாட்டிலை அது ‘சுகமோ’ மாதிரி, அண்ணை” என்றேன்.

“அவையின்ரை நாட்டிலை கேக்கட்டும்.”

1987 வசந்தத்தில் அவருக்கு பேர்ணில் அகதி விசாரணை வந்தது. அன்றைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் வழக்கை மூடிவிடுவார்கள். இருவரையும் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலரக்கா விடிய எழும்பி அவருடைய சேர்ட்டை இஸ்திரிபோட்டு, திருநீறு பூசி அனுப்பினா. நானும் அவவும் பணியாளர் விடுதி வாசலில் நின்றோம். அவர் படியிறங்க, எதிரே துணிக்கூடையோடு லிகாயா வந்தாள்.

“குயா! சாஅன் கா புபுந்தா?”

இரவீந்திரன் அப்படியே நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய், கட்டிலில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

“இஞ்சாருங்கோ, பஸ் வரப்போகுது!” மலரக்கா பின்னால் ஓடினா.

“கேட்டிட்டாள். இனிப் போய் என்ன செய்ய? தண்ணி குடிச்சு, கொஞ்சம் இருந்து, அடுத்த பஸ்ஸிலை போறன்.”

“அடுத்த பஸ்ஸிலை போனால் ரயிலைப் பிடிக்கேலாது.”

“சகுனம் பிழைச்சு ரயிலைப் பிடிச்சு என்ன?”

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மலரக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினா. கணவருக்கு முன்னால் குந்தியிருந்து, சப்பாத்து நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னா:

“கேட்டது பிழையில்லை. நீங்கள் மறுமொழி சொல்லாமல் பாதியிலை விட்டிட்டு வந்ததுதான் பிழை. போய்ச் சொல்லி முடியுங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது? பேர்ணுக்கு, பொலிசிட்டை எண்டோ?”

“டியான் லாங். எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். ‘உதிலைதான், பக்கத்திலைதான்’ எண்டு.”

அவர் அவவைப் பார்த்தார். எழும்பி வாசலுக்குப் போனார். லிகாயா கூடையோடு திகைத்துப்போய் அங்கேயே நின்றாள்.

“டியான் லாங்” என்றார் அவர், பரீட்சையில் விடை சொல்பவர்போல.

லிகாயாவின் முகம் மலர்ந்தது. “இங்காட், குயா!”

“கவனமாப் போட்டு வாங்கோ எண்டு சொல்லுறா” என்றா மலரக்கா. “உதைவிட என்ன சகுனம் வேணும்? ஓடுங்கோ!”

அவர் ஓடினார். பஸ் கதவு மூடுவதற்குள் ஏறிவிட்டார்.

“அக்கா, மறுமொழி சொன்னால் சகுனம் நேராகும் எண்டு எங்கடை ஊரிலை சொல்லுறவையோ?” என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்? இப்பதான் வாயிலை வந்தது.”

பஸ் ஏரிக்கரை வளைவில் மறையும்வரை மலரக்கா நிமிர்ந்து நின்றா. மறைந்த பிறகுதான் படியில் குந்தினா. லிகாயா கூடையை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தாள்.